சின்னப் பெண் பெற்ற குழந்தை மந்தமாகிவிடுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் இல்லை. இரண்டு பெண்கள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, 17 வயதில், என் அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டேன். நான் ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவளுக்குக் காவல் இல்லை என்ற பயத்தில் செய்தது. 18 முடிந்த கையோடு பெண் குழந்தை பிறந்தது. 37 வாரம், சுகப்பிரசவம், எடை 2.1 கிலோ. இப்போது பேத்திக்கு 8 மாதம். எடை 6.2 கிலோ. உட்காரவைத்தால் உட்காருகிறாள், ஆனால் இன்னும் தவழவில்லை. "சின்னப் பெண் பெற்ற பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும், படிப்பு ஏறாது" என்று என் அண்ணி சொல்கிறார். "அடுத்ததையும் உடனே பெற்றுக்கொண்டு ஆபரேஷன் செய்துவிட்டால் வேலை முடிந்தது" என்று சொல்வதும் அவரேதான். மகள் அதிகம் பேசுவதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிளஸ் டூ பரீட்சை எழுதட்டுமா என்று ஒரு முறை கேட்டாள். இளையவள் பத்தாம் வகுப்பு. அவளைக் கேட்டும் ஆள் வருகிறார்கள். என் பேத்தி நன்றாக இருப்பாளா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்.

பதில்: குழந்தை நல மருத்துவர்

அன்புள்ள அம்மா,

முதலில் பேத்தியின் எடையைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் பிறகு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 8 மாதப் பெண் குழந்தையின் நடுமட்ட எடை 7.9 கிலோ. 6.3 கிலோவுக்குக் கீழே போனால் எடைக் குறைவு என்போம். உங்கள் பேத்தி அந்தக் கோட்டுக்கு 100 கிராம் கீழே நிற்கிறாள். இதை மட்டும் பார்த்தால் கவலையாகத்தான் இருக்கும். ஆனால் அவள் எங்கிருந்து புறப்பட்டாள் என்றும் பார்க்க வேண்டும். பிறந்த அன்று அதே கோடு 2.4 கிலோவில் இருந்தது, அவள் 2.1 கிலோ. தன் எடையைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கிக்கொண்டு, 300 கிராம் தூரத்தை 100 கிராமாகக் குறைத்திருக்கிறாள். எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தை இவள். தாய்ப்பால் கொடுத்த உங்கள் மகளுக்குத்தான் இந்தப் பெருமை சேரும். வீட்டில் யாராவது அதை அவளிடம் சொன்னார்களா?

தவழாததற்காகப் பயப்பட வேண்டாம். 5 மாதம் முடிந்து தவழும் குழந்தையும் உண்டு, பதின்மூன்றரை மாதத்தில் தவழும் குழந்தையும் உண்டு. தவழாமலேயே எழுந்து நிற்பவர்களும் உண்டு, அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஒன்பது மாதம் முடிவதற்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். 'பாபா', 'தாதா' என்று ஒலி எழுப்ப வேண்டும். பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற வேண்டும். இவற்றில் ஏதாவது இல்லையென்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். எல்லாம் இருந்தாலும் செவித்திறன் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். அண்ணன் மகனுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நெருங்கிய சொந்தத்தில் நடக்கும் திருமணங்களில் பிறவியிலேயே காது கேளாமை சற்று அதிகம் காணப்படுகிறது. காது கேட்காத குழந்தையைத்தான் பல வீடுகளில் 'மந்தம்' என்று சொல்லிச் சொல்லி மூன்று நான்கு வருடங்களை வீணாக்கிவிடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிறந்ததிலிருந்து 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கென ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை.

இனி உங்கள் அண்ணியின் பேச்சுக்கு வருகிறேன். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை மறைத்து ஆறுதல் சொன்னால் நீங்கள் என்னிடம் கேட்டதற்குப் பயன் இல்லை.

பிரேசிலின் பெலோட்டாஸ் நகரம், குவாத்தமாலாவின் சில கிராமங்கள், நம் டெல்லி, பிலிப்பைன்ஸின் செபு, தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோ. இந்த ஐந்து இடங்களிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். மொத்தம் 19,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2015-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியிட்டார்கள். 19 வயதிலோ அதற்கு முன்போ தாயானவர்களின் குழந்தைகளை, 20 முதல் 24 வயதில் தாயானவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இளம் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறக்கும் வாய்ப்பு 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரண்டு வயதில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவதும், பள்ளிப் படிப்பை முடிக்காமல் நின்றுவிடுவதும் 30 முதல் 40 சதவீதம் கூடுதல். குடும்ப வசதி, தாயின் படிப்பு, தாயின் உயரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் முழுவதும் மறையவில்லை.

சதவீதத்தைக் கேட்டு மிரள வேண்டாம். உதாரணத்துக்கு, நூறு குழந்தைகளில் 30 பேர் உயரம் குன்றும் ஊரில், இளம் தாய்மாரின் பிள்ளைகளில் அது 39 முதல் 42 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏறக்குறைய அறுபது பேர், அம்மாவுக்கு 18 வயதே ஆனாலும், நன்றாகத்தான் வளர்கிறார்கள். நம் நாட்டின் தேசிய குடும்ப நல ஆய்வின் தரவுகளை வைத்து 2019-ல் செய்த கணக்கிலும் இதே அளவுதான் வந்தது. பதின்வயதுத் தாய்மாரின் குழந்தைகளில் உயரக் குறைவு 10 சதவீதப் புள்ளிகள் கூடுதல். அந்த ஆய்வு இன்னொரு வேலையும் செய்தது. தாயின் வயது எந்த வழியாகக் குழந்தையை எட்டுகிறது என்று தேடியது. தாயின் உயரமும் எடையும், அவள் பாதியில் விட்ட படிப்பு, வீட்டின் நிலைமை, மருத்துவ வசதி எட்டாமை, ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கொடுக்கும் உணவு ஆகியவற்றின் வழியாக. இவற்றில் தாயின் உயரம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இன்று கூட உங்களால் கைவைக்க முடியும்.

குழந்தை பிறக்கும்போதே அறிவு குறைந்து பிறக்கிறது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. பள்ளியை முடிக்கவில்லை என்றுதான் சொல்கின்றன. முடிக்காததற்குக் காரணம் பல நேரம் குழந்தையின் மண்டைக்கு வெளியே இருக்கிறது.

சரி, தாயின் வயது ஏன் குழந்தையின் உடம்பில் தெரிகிறது? 17 வயதுப் பெண் வளர்ந்து முடிந்தவள் இல்லை. உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு விரிந்துகொண்டிருக்கும், எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கரு உண்டானால் ஒரே சோற்றுக்கு இரண்டு வளரும் உடல்கள் போட்டியிடுகின்றன. வங்கதேசத்தின் கிராமப்புறத்தில் இளம் பெண்களை அளந்து பார்த்தபோது, கருவுறாத பெண்கள் வளர்ந்துகொண்டே போனார்கள், கருவுற்று பாலூட்டியவர்களின் வளர்ச்சி அப்படியே நின்றுபோனது. போட்டியில் குழந்தையும் முழுதாக ஜெயிப்பதில்லை. இதோடு ரத்தசோகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. குழந்தை தனக்கு வேண்டிய இரும்புச் சத்தைக் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து சேமித்துக்கொள்கிறது. தாயிடமே இல்லையென்றால் எதைச் சேமிக்கும்?

ஆகவே உங்கள் வீட்டில் வளரும் பிள்ளைகள் இரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். எட்டு மாதப் பேத்தி ஒன்று, பத்தொன்பதைத் தொடப்போகும் மகள் ஒன்று. பாலூட்டும் காலத்தில் அவளுக்குத் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு அது. நடப்பது என்ன? பத்தியம் என்று ஆரம்பித்து, குளிர்ச்சி என்று தயிரையும் பழத்தையும் நிறுத்தி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும் என்று கீரையையும் நிறுத்தி, கடைசியில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய குழம்பை அவளுக்கு ஊற்றுவோம். பிரசவித்த மாதங்களில் சாப்பிடச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை பல வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். அவளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்துவிடுங்கள். தினமும் ஒரு முட்டை, கீரை, பருப்பு, முடிந்தபோது மீன், ஈரல். செலவு என்றால் முட்டையில் ஆரம்பியுங்கள்.

குழந்தை என்ன சாப்பிடுகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. எனக்கு உண்மையில் கவலை தருவது தவழாதது அல்ல, இந்த மௌனம்தான். ஆறு மாதத்திலிருந்து தாய்ப்பால் மட்டும் போதாது. நம் நாட்டில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது ஒன்பதில் ஒன்றுக்குத்தான் என்று அதே தேசிய ஆய்வு சொல்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தை எட்டிப் பிடிப்பதும் பின்தங்குவதும் இந்த மாதங்களில்தான் தீர்மானமாகிறது. டீயில் தோய்த்த பிஸ்கட்டும், வடிகஞ்சியும், டப்பாவில் வரும் இனிப்பு மாவும் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் பருப்புச் சாதம் குழைத்து, ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கொடுங்கள். இட்லி, மசித்த முட்டை, முருங்கைக் கீரை சேர்த்த பருப்பு, கேழ்வரகுக் கூழ், முள் எடுத்த மீன், கோழி ஈரல், பிசைந்த வாழைப்பழம். இப்போது நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் அரை கிண்ணம் வரை. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளையாகவும், இடையே சிறு தீனியாகவும் கூட்டுங்கள். தாய்ப்பால் இரண்டு வயது வரை தொடரட்டும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலும் வேண்டாம். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு நல்ல பொருள். அது குழந்தையின் கிண்ணத்துக்குப் போகிறதா, வீட்டுப் பெரியவர்களின் காலைக் கஞ்சியாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரும்புச் சத்து விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கோஸ்டா ரிக்காவில் பெட்ஸி லோசாஃப் என்ற மருத்துவர், கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புச் சத்துக் குறைவு இருந்த பிள்ளைகளைப் பத்து வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்தார். ரத்தசோகைக்கு அப்போதே மருந்து கொடுத்துச் சரிசெய்திருந்தும், வகுப்பறையில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்னால்தான் இருந்தார்கள். மூளை நரம்புகள் உறை போட்டுக்கொள்ளும் வயதில் வந்த பற்றாக்குறை, பிறகு கொடுத்த மருந்தால் முழுதாகச் சரியாகவில்லை. 'படிப்பு ஏறாது' என்று உங்கள் அண்ணி சொல்வதற்கு அறிவியலில் ஏதாவது பொருள் இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது, தடுக்கவும் முடியும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இரு முறை 1 மில்லி இரும்புச் சத்து மருந்து அரசே கொடுக்கிறது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இன்னும் முன்பே, தினமும் கொடுக்க வேண்டியிருக்கும். அளவை மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவரை ஆரம்பிக்கவில்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள்.

உணவு மட்டும் போதுமா? போதாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் 1986-87-ல் உயரம் குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். எல்லாரும் 9 முதல் 24 மாதக் குழந்தைகள், ஏழைக் குடும்பங்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் போய், ஒரு மணி நேரம் தாயையும் குழந்தையையும் சேர்த்து விளையாடவைத்தார். பொம்மைகளை வீட்டிலிருக்கும் பொருட்களை வைத்தே செய்தார்கள். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தபோது, விளையாட்டுப் பழகிய பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பாட நூல் இல்லை, டியூஷன் இல்லை. குழந்தையோடு பேசுவது எப்படி, குழந்தை ஒலி எழுப்பினால் பதில் ஒலி எழுப்புவது எப்படி என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்ததுதான் வித்தியாசம்.

நம் வீடுகளில் இதற்குப் பயிற்சியாளர் தேவையில்லை, பாட்டி போதும். முகத்தை முந்தானையால் மூடித் திறப்பது, டம்ளருக்குள் கரண்டியைப் போட்டு எடுக்கச் சொல்வது, சமைக்கும்போது காய்கறியின் பெயரைச் சொல்லிக்கொண்டே நறுக்குவது, தாலாட்டு. ஷிப்ட் முடிந்து நீங்கள் போகும் நாட்களில் அரை மணி நேரம் இதைச் செய்யுங்கள். மகள் பார்த்துக்கொண்டிருக்கட்டும், கூட உட்காரச் சொல்லுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரை குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. ஆனால் செல்போனைப் பிடுங்கிவிடாதீர்கள். அவளுடைய தோழிகள் இப்போது அந்த செல்போனுக்குள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

அவள் பேசாமலிருப்பதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இளம் தாய்மாரிடம் அதிகம். அது குழந்தையையும் எட்டும். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள தாய்மாரின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடை குறைந்திருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். அவளிடம் நேராகக் கேளுங்கள்: தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, தனியாக அழுகிறாயா, எதற்கு இந்த வாழ்க்கை என்று தோன்றுகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால், தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள். மற்றபடி 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த குழந்தை. அண்ணியின் திட்டத்தில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போதே கரு உண்டானால், வயிற்றுப் பிள்ளைக்குப் பால் ஆகாது என்று பேத்தியின் தாய்ப்பாலை நிறுத்துவார்கள். அவளுக்கு எட்டிப் பிடிக்கும் வேலை பாதியில் நிற்கும். அம்மாவின் உடம்பில் காலியான இரும்பும் சுண்ணாம்பும் நிரம்புவதற்குள் இன்னொரு உயிர் வந்து கை நீட்டும். இரண்டாவது குழந்தை முதல் குழந்தையைவிடச் சிறியதாகப் பிறந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பேத்திக்கு இரண்டு வயது முடியட்டும். அப்போது உங்கள் மகளுக்கு 20 முடிந்திருக்கும், நான் மேலே சொன்ன ஆய்வின் பாதுகாப்பான வயதுக்குள் வந்திருப்பாள்.

பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்ற நம்பிக்கை ஆறு மாதத்தோடு காலாவதியாகிவிடுகிறது. அதுவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான். இப்போது எட்டு மாதம். ஆகவே இந்தப் பேச்சை ஒத்திப்போட நேரம் இல்லை. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசி, 'சாயா' மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். எதையும் பாலூட்டிக்கொண்டே பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால் காப்பர்-டி. தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, வேண்டும்போது எடுத்துவிடலாம். ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் அவளும் அவள் கணவனும். அந்தப் பையனையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி எதுவுமே இல்லை. 20 வயதில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையைப் பற்றி யாரும் பேசவே கூடாது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடைக்கு அந்த அறுவை சிகிச்சையைத்தான் நம்பியிருக்கிறார்கள். பதினேழில் கல்யாணம், இருபத்திரண்டுக்குள் இரண்டு பிரசவம், ஆபரேஷன் என்று ஒரு பெண்ணின் கணக்கை முடித்துவைக்கும் அவசரத்தை நான் ஒருநாளும் புரிந்துகொண்டதில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு அறுபது வருடம் இருக்கிறதே!

பிளஸ் டூ பரீட்சைக்கு நான் உடனே சரி என்பேன். பேத்திக்கு டானிக் எழுதிக்கொடுங்கள் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் எழுதுவது இதைத்தான். மருத்துவராக இருந்துகொண்டு படிப்பைப் பரிந்துரைக்கிறேனே என்று நினைக்காதீர்கள். 1970 முதல் 2009 வரை 175 நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததை அலசிப் பார்த்தவர்கள், அந்தக் குறைவில் பாதிக்குக் காரணம் பெண்களின் படிப்பு உயர்ந்தது என்று கணக்கிட்டார்கள். படித்த தாய்க்கு மருந்துச் சீட்டில் இருப்பது புரியும். மாமியார் வேண்டாம் என்றாலும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்று சொல்லத் துணிவு வரும். நாளைக்குப் பேத்தியின் வீட்டுப்பாட நோட்டைப் புரட்டிப் பார்ப்பவளும் அவள்தான். இளம் தாயின் குழந்தை பள்ளியை முடிக்காமல் போவதற்குப் பின்னால், அந்தத் தாயே பள்ளியை முடிக்கவில்லை என்பது பெரிய காரணமாக நிற்கிறது. அதைத் திருத்த அவள் வயதைக் கூட்ட வேண்டியதில்லை, தேர்வெழுத விட்டால் போதும். பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தால் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதலாம். விண்ணப்பத் தேதியை அவள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடமோ மாவட்ட அரசுத் தேர்வுகள் அலுவலகத்திலோ கேளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் குழந்தையை வேறு ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணி வைத்துக்கொள்ளலாமே.

கடைசியாக இளையவள். மூத்தவளுக்கு நடந்ததற்காக உங்களைக் கடிந்துகொள்ள நான் யார்? தனியாக இரண்டு பெண்களை வளர்ப்பவரின் பயம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் இளையவள் விஷயத்தில் தயங்காமல் சொல்கிறேன்: வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணின் திருமணத்தை நடத்திவைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 18 வயது ஆகாத மனைவியோடு உடலுறவு கொள்ளும் கணவன் மீதும் வழக்கு வரும். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், மூத்தவளின் பிரசவ அட்டையிலிருக்கும் 2.1 கிலோ போதாதா? கேட்டு வருகிறவர்களிடம் மறுக்கத் தயக்கமாக இருந்தால் என் மீது பழியைப் போடுங்கள், டாக்டர் கூடாது என்கிறார் என்று சொல்லுங்கள். நெருக்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

காவல் இல்லை என்பதுதான் உங்கள் பயம் என்றால் அதற்கு விடுதி ஒரு வழி. அரசு மாணவியர் விடுதிகளில் தங்கிப் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கலாம். உணவும் இடமும் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால், கல்லூரியில் சேர்ந்த பிறகு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். நம் மாநிலத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமோ 19 வயது நிறையாத தாய்க்குக் கிடையாது. மூத்தவளுக்கு அது கிடைத்திருக்காது. இளம் வயதுத் திருமணத்தைத் தடுக்கவே அந்த நிபந்தனை, அது புரிகிறது. ஆனால் யாருக்குச் சத்து அதிகம் தேவையோ அந்தத் தாயும் சிசுவும்தான் விடுபட்டுப்போகிறார்கள். இதை நான் பல இடங்களில் சொல்லிவிட்டேன், இங்கேயும் பதிவு செய்கிறேன்.

அடுத்த மாதம் பேத்திக்கு 9 மாதத் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி, கூடவே வைட்டமின் ஏ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள். நீங்கள் லீவு போட முடியாவிட்டாலும் மகளும் மருமகனும் போகட்டும். தாய்–சேய் நல அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குழந்தையின் எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் குறிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இரும்புச் சத்து மருந்து, காது பரிசோதனைக்கான சீட்டு, காப்பர்-டி மூன்றையும் அன்றைக்கே பேசிவிடலாம். குழந்தையை இறக்கிய பிறகு அம்மாவும் எடைக் கருவியில் ஏறட்டும், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபினும் பார்க்கட்டும். இருவரின் எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும்.